மாவுக்கட்டைப் பார்த்து எதற்குச் சிரிக்கிறோம்?

அந்தப் படம் அடிக்கடி கண்ணில் படும். செயின் பறித்தவன், பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போட்டவன், குடிபோதையில் பஸ் டிரைவரை அடித்தவன் என்று யாரோ ஒருவன். கையிலோ காலிலோ வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு, தலை குனிந்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கீழே செய்தி: போலீசைப் பார்த்ததும் தப்பி ஓடினார், பாலத்திலிருந்து குதித்தார், கை முறிந்தது. இல்லையென்றால் ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்தார். அதற்கும் கீழே ஆயிரக்கணக்கில் சிரிப்பு எமோஜி. "அந்த பாத்ரூமுக்கு டைல்ஸ் மாத்தவே மாட்டாங்களா?" என்று ஒருவர் எழுதுவார். "வாழ்த்துகள் சார்" என்று இன்னொருவர்.

வழுக்கவில்லை என்று படத்தைப் போட்டவருக்குத் தெரியும், செய்தி எழுதியவருக்குத் தெரியும், சிரிப்பவருக்கும் தெரியும். சென்னை உயர்நீதிமன்றமே 2025-ல் ஒரு வழக்கில் கேட்டுவிட்டது: காவல் நிலையக் கழிவறைகளில் பிடிபட்டவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, போலீஸ்காரர்கள் விழமாட்டார்களா என்று. அதையும் நாம் ஜோக்காகத்தான் ஷேர் செய்தோம்.

எனக்கு அந்தச் சிரிப்பு ரொம்ப நாளாக உறுத்துகிறது. மனித உரிமை பேசுகிற ஆள் என்பதால் இல்லை. திருடனுக்கு ஏன் பரிந்து பேசுகிறாய் என்று கேட்பார்கள், கேட்கட்டும். என் கேள்வி வேறு. அந்தக் கையை உடைத்த அதே லத்திதான், அதே ஸ்டேஷனில், அதே நம்பிக்கையோடு, அடுத்த வாரம் ஒரு செல்போன் கடைக்காரர் மேலும் விழுகிறது. அப்போது மட்டும் நாம் மெழுகுவர்த்தி வாங்க ஓடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாகவும், அது போலீசுக்குத் தெரியும் என்றும் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி ஒரு கோடு கிடையாது.

2019 டிசம்பர் 6 நினைவிருக்கும். ஹைதராபாத்தில் ஒரு கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரை போலீஸ் என்கவுண்டரில் சுட்டுக் கொன்றது. மக்கள் பாலத்தில் நின்று போலீஸ்காரர்கள் மேல் பூ தூவினார்கள். நம் வாட்ஸ்அப் குரூப்களிலும் அன்று தீபாவளிதான். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷன் 2022-ல் அறிக்கை கொடுத்தது: அந்த என்கவுண்டர் கதை நம்பும்படி இல்லை, பத்து போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும், சுடப்பட்ட நால்வரில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள். அந்த அறிக்கைக்கு யாரும் பூ தூவவில்லை, எதிர்க்கவும் இல்லை. படிக்கவே இல்லை.

பூ தூவி ஏழு மாதம்கூட ஆகவில்லை, சாத்தான்குளம் வந்தது.

2020 ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தார் என்று செல்போன் கடைக்காரர் ஜெயராஜை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள். என்ன ஏது என்று கேட்கப் போன மகன் பென்னிக்ஸையும் உள்ளே வைத்துக்கொண்டார்கள். விடிய விடிய அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல் தகுதிச் சான்று வாங்குவதற்குள் ரத்தத்தில் நனைந்த லுங்கிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார். தூரத்தில் நிற்க வைத்து, நேரில் சரியாகப் பார்க்காமலே அனுப்பிவிட்டார் என்பது குற்றச்சாட்டு. கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ம் தேதி இரவு மகன் இறந்தார், 23-ம் தேதி விடியற்காலை அப்பா. அன்றைய முதல்வரின் அறிக்கை மூச்சுத்திணறல், உடல்நலக் குறைவு என்று பேசியது.

இதில் பலர் மறந்துவிட்ட ஒரு விவரம் உண்டு. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவுப்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஸ்டேஷனின் சிசிடிவி பதிவைக் கேட்டார். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தது, வாரக்கணக்கில் சேமித்திருக்கலாம். ஆனால் தினமும் தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைத்திருந்தார்கள். அந்த இரவின் பதிவு இல்லை. கேமரா இருந்தது, மின்சாரம் இருந்தது, இடம் இருந்தது, காட்சி மட்டும் இல்லை. விசாரணைக்கு ஸ்டேஷனில் ஒத்துழைப்பும் இல்லை, மாஜிஸ்திரேட்டையே மதிக்காமல் பேசினார்கள் என்று அவர் உயர்நீதிமன்றத்துக்கு எழுதினார். உயர்நீதிமன்றம் இதற்குமுன் கேள்விப்படாத ஒன்றைச் செய்தது. தடயங்களைக் காப்பாற்ற, ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரச் சொன்னது. போலீஸ் ஸ்டேஷனுக்குத் தாசில்தார் காவல்!

இதில் உள்ள விசித்திரம் புரிய வேண்டுமென்றால் 1855-க்குப் போக வேண்டும். சென்னை மாகாணத்தில் சித்திரவதை நடக்கிறதா என்று விசாரிக்க அந்தக் காலத்து கம்பெனி அரசு ஒரு கமிஷன் போட்டது. அறிக்கை அந்த ஆண்டு வெளிவந்தது. வரி கட்டாதவன் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, ஆளை வளைத்துக் கட்டி வெயிலில் போடுவது, முதுகில் கல் ஏற்றுவது என்று பக்கம் பக்கமாகப் பட்டியல். இதையெல்லாம் பெரும்பாலும் செய்தவர்கள் நம் ஊர் வருவாய்த் துறை ஆட்கள். அன்று தாசில்தார்தான் வரியும் வாங்குவார், போலீஸ் வேலையும் பார்ப்பார். அடி வாங்கியவன் புகார் கொடுக்க நாள் கணக்கில் நடந்து வெள்ளைக்கார அதிகாரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும், போனாலும் புகார் சுற்றிச் சுற்றி அதே தாசில்தாரிடம் வந்து நிற்கும். சரி, இதற்கு மருந்து என்ன? போலீசை வருவாய்த் துறையிடமிருந்து பிரிப்பது. 1859-ல் சென்னை போலீஸ் சட்டம் வந்தது, இரண்டு ஆண்டுகளில் இந்தியா முழுமைக்குமான 1861 சட்டம். தாசில்தாரிடமிருந்து மக்களைக் காப்பாற்ற உண்டாக்கிய போலீசிடமிருந்து தடயத்தைக் காப்பாற்ற, 2020-ல் தாசில்தாரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

சரி, ஏன் அடிக்கிறார்கள்? கோபம், திமிர், சாதி, குடி எல்லாம் உண்டு. சாதி ரொம்பவே உண்டு. வாச்சாத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் திருட்டு வழக்குகளில் விழுகிற அடிக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைப் பற்றி டிவி விவாதங்களில் யாரும் வாயே திறப்பதில்லை. அதன் பெயர் ரெக்கவரி, அதாவது களவு போன பொருளை மீட்டுக் காட்டுவது.

போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. இது 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய சட்டத்தில் 23. அதாவது தன் சொந்த போலீஸ் அடித்துத்தான் உண்மை வாங்கும் என்று வெள்ளைக்காரனே நம்பினான், அதை எழுதியும் வைத்தான். ஆனால் பக்கத்திலேயே ஒரு சந்து விட்டான், பழைய 27-வது பிரிவு. பிடிபட்டவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கிடைத்தால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். நகை கிடைத்தால் போதும், அதை எப்படிச் சொல்ல வைத்தாய் என்ற கேள்வி பின்னால் போய்விடும். புதிய சட்டத்திலும் அந்தச் சந்து அப்படியே பத்திரமாக இருக்கிறது.

இதன் மேல் கணக்கு வந்து உட்காருகிறது. காவல்துறை மானியக் கோரிக்கையின்போது சட்டசபையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். களவு போன சொத்தின் மதிப்பு எவ்வளவு, மீட்டது எவ்வளவு, எத்தனை சதவீதம் என்று அட்டவணை இருக்கும். அந்தச் சதவீதம் மேலிருந்து கீழே மாதாந்திரக் கூட்டம் மாதாந்திரக் கூட்டமாக இறங்கி, கடைசியில் ஒரு க்ரைம் டீம் ஏட்டின் தலையில் வந்து நிற்கும். கைரேகை எடுக்க ஆள் வேண்டும், செல்போன் டவர் விவரத்துக்குக் கடிதம் போட்டுக் காத்திருக்க வேண்டும், அடகுக் கடைகளில் ஏறி இறங்க வேண்டும். அடிக்க இதெல்லாம் வேண்டாம், ஒரு அறையும் ஒரு ராத்திரியும் போதும்.

எனக்கு இது புரிந்தது ஒரு சின்ன விஷயத்தில். என் போன் பஸ்ஸில் போனது. பேன்ட் பாக்கெட்டில் கை விட்டு எடுத்தது எனக்கே தெரிந்தது, திரும்புவதற்குள் ஆள் இறங்கிவிட்டான். ஸ்டேஷனுக்குப் போனேன், எந்த ஊர் என்பது முக்கியமில்லை. ரைட்டர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், வெள்ளைத்தாள் கொடுத்தார். நான் "திருடப்பட்டது" என்று எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, 'காணவில்லை'னு எழுதிக் கொடுங்க, உடனே சிஎஸ்ஆர் போட்டுத் தரேன், சிம் வாங்கிக்கலாம்" என்றார். சிஎஸ்ஆர் என்றால் புகார் வாங்கியதற்கான ரசீது, வழக்கு இல்லை. சார், எடுத்தானே என்றேன். "தெரியுது. திருட்டுனு எழுதினா எஃப்ஐஆர் போடணும். எஃப்ஐஆர் போட்டா பொருள் எங்கேனு எங்களைக் கேப்பாங்க." குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. நானும் "பயணத்தின்போது தவறவிட்டுவிட்டேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆக, ஒன்று திருட்டே நடக்கவில்லை என்று காகிதத்தில் ஆக்க வேண்டும், அல்லது நடந்த திருட்டுக்குப் பொருளைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். என்னுடையது பழைய போன், காகிதத்தோடு போயிற்று. புகார் கொடுப்பவர் நாலு பேரைத் தெரிந்தவராக, பொருள் பத்து சவரனாக இருந்தால் காகிதத்தோடு போகாது.

2025 ஜூனில் மடப்புரத்தில் அதுதான் நடந்தது. சிவகங்கை மாவட்டம், திருப்புவனம் பக்கத்தில் பத்ரகாளியம்மன் கோயில். காரில் வைத்திருந்த நகை காணவில்லை என்று கோயிலுக்கு வந்த ஒரு பெண் புகார் சொல்கிறார். காவலாளி அஜித்குமாரை ஸ்பெஷல் டீம் அழைத்துப் போகிறது. முறையான கைது என்று எதுவும் இல்லை. நகை எங்கே, நகை எங்கே என்று இடம் மாற்றி இடம் மாற்றி அடி. 28-ம் தேதி இறந்தார். உடலில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்கிற அளவுக்கு மதுரைக் கிளை நீதிபதிகள் பேசினார்கள். யார் சொல்லி ஸ்பெஷல் டீம் போனது என்றும் கேட்டார்கள். வெளியே வந்த ஒரே காட்சி, ஒருவர் ஜன்னல் வழியாக ஒளிந்து நின்று செல்போனில் எடுத்த சில விநாடி வீடியோ. அது இல்லையென்றால் வலிப்பு வந்து இறந்தார் என்று கதை முடிந்திருக்கும், அப்படித்தான் முதலில் ஆரம்பித்தார்கள். ஐந்து போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது, ஸ்பெஷல் டீம்களைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, முதல்வர் போனில் அந்தக் குடும்பத்திடம் 'சாரி' சொன்னார்.

முறையான கைது இல்லை என்றேனே, அங்கேதான் எல்லா ஓட்டையும் இருக்கிறது. 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வரிசையாகக் கொடுத்தது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், அதில் சாட்சி கையெழுத்து வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை. அரசியல் சாசனம் 22-வது பிரிவில் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்கிறது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கு, ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் காரணம் எழுதாமல் கைதே செய்யாதே என்றது. எல்லாம் நல்ல விதிகள். ஆனால் இந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது கைது என்று எழுதிய நிமிடத்திலிருந்து. எழுதுவது யார்? போலீஸ். அதனால்தான் நம் பக்கத்தில் யாரையும் "கைது செய்தார்கள்" என்று வீட்டுக்காரர்கள் சொல்வதில்லை, "விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போனாங்க" என்பார்கள். செவ்வாய்க்கிழமை இரவு வீட்டிலிருந்து கூட்டிப்போன ஆள், காகிதத்தில் வெள்ளிக்கிழமை விடியற்காலை வாகனத் தணிக்கையின்போது பஸ் ஸ்டாண்ட் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றுகொண்டிருப்பார், விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார். நடுவில் இருந்த நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்த நாட்களில்தான் கை உடைகிறது.

நான் பார்த்தவரை சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் யோகா, மன அழுத்தப் பயிற்சி, மக்களுடன் நட்புறவு என்று போகிறார்கள். நட்புறவு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது, 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' என்று ஒரு நல்லெண்ணத் திட்டம் நடத்தினார்கள். சாத்தான்குளத்தில் அதன் தொண்டர்களே அடித்ததாகப் புகார் எழுந்து, 2020 ஜூலையில் தடை விதிக்க வேண்டியதாயிற்று. பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நகை வந்தாக வேண்டும் என்று மேலே இருந்து கேட்டுக்கொண்டே கீழே யோகா சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும்?

அடுத்தது, யாரிடம் போய்ச் சொல்வது என்ற கேள்வி. உத்தரப் பிரதேச டிஜிபியாக இருந்த பிரகாஷ் சிங் 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், 2006 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. ஏழு கட்டளைகள். அதில் சாதாரண மனிதனுக்கு நேரடியாக உதவக்கூடியது போலீஸ் புகார் ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். தமிழ்நாடு ஏழு ஆண்டு யோசித்து 2013-ல் ஒரு சட்டம் போட்டது. பெயர் என்னவோ காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம்தான். அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர் டிஜிபி. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்பி உறுப்பினர். எஸ்பியின் கீழ் வேலை பார்க்கும் இன்ஸ்பெக்டர் அடித்தார் என்று எஸ்பி உட்கார்ந்திருக்கும் மேஜையில் போய் மனு கொடுக்க வேண்டும். 1855-ல் புகார் தாசில்தாரிடமே திரும்பி வந்த கதையைச் சொன்னேன் இல்லையா, அதையே சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் வந்தபோது இருந்தது அதிமுக ஆட்சி. பிறகு திமுக வந்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது சாத்தான்குளம் என்று முழங்கியவர்கள் ஆளுங்கட்சி ஆனதும், ஆளுங்கட்சியாக இருந்தபோது மூச்சுத்திணறல் என்றவர்கள் எதிர்க்கட்சி ஆனதும் மடப்புரம் என்று முழங்கினார்கள். ஒரு புதுக்கட்சி 'சாரி வேண்டாம், நீதி வேண்டும்' என்று அட்டை பிடித்தது. அட்டை பிடித்தவர்களில் யாராவது இந்த ஆணையத்தில் எஸ்பி ஏன் உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்டார்களா? என் காதில் விழவில்லை.

போராட்டத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2020-ல் வணிகர்கள் கடையடைத்திருக்காவிட்டால், ஊரே நெட்டில் பொங்கியிருக்காவிட்டால், அந்த வழக்கு இந்த அளவுக்கு வந்திருக்காது. ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்த நேரம் அது, உலகமே அதைப் பேசிக்கொண்டிருந்ததும் உதவியது. ஆனால் போராட்டம் ஒரு வழக்கைத்தான் நகர்த்துகிறது, அமைப்பை நகர்த்துவதில்லை. அதுவும் போராடுகிறவர்களே சுடப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தூத்துக்குடியில் பார்த்தோம். 2018 மே 22, ஸ்டெர்லைட் எதிர்ப்பின் நூறாவது நாள். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர். டிவியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர். அருணா ஜெகதீசன் ஆணையம் அது உண்மையில்லை என்றது, 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கையை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைத்தார்கள். வைத்ததோடு சரி என்பதுபோல்தான் அதற்குப் பிறகு நடந்தது எல்லாம். விசாரணை ஆணையம் என்றால் நம் ஊரில் கோபம் ஆறும்வரை போட்டு வைக்கிற இடம்.

வாச்சாத்தி மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. 1992 ஜூன் 20, தருமபுரி மாவட்டத்து மலையடிவாரப் பழங்குடி கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து போனது. ஊரையே சூறையாடினார்கள், 18 பெண்களை வன்புணர்ந்தார்கள், மீதி ஆட்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் தோழர்களும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது, 2011-ல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். முப்பத்தோரு வருஷம். அந்தப் பெண்கள் கோர்ட்டுக்கு நடந்த நடையை நினைத்தால், இதை வெற்றி என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஆனால் வெற்றிதான், வேறு என்ன சொல்ல. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே போராட்டம் ஒரு வார ஹேஷ்டேக் கிடையாது, ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆள் போனார்கள்.

போலீஸ்காரர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. ராத்திரி பாரா முடித்துவிட்டுக் காலையில் பந்தோபஸ்துக்கு நிற்கிறவர்களுக்கு வார விடுமுறை என்று அரசாணை வந்ததே 2021-ல்தான், ஆள் பற்றாக்குறை என்று அதையும் ரத்து செய்கிற ஸ்டேஷன்கள் உண்டு. அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் நாய்க்குச் சோறு வைக்கவும் காவலரை அனுப்புகிற ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்தாயிற்று, காகிதத்தில். 2022-ல் உயர்நீதிமன்றம் அதை மறுபடி ஒழிக்க வேண்டியிருந்தது. இப்படி நடத்தப்படுகிற ஒருவர் தனக்குக் கீழே யாராவது கிடைத்தால் எப்படி நடத்துவார் என்பதைப் பெரிய மனோதத்துவம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. வழக்கு வந்தால் மாட்டுவதும் அவர்கள்தான். கேட்டுக்கொண்டே இருந்த மேலதிகாரிக்கு இடமாற்றம், இல்லையென்றால் கட்டாயக் காத்திருப்பு, பிறகு வேறு மாவட்டம்.

அதே சமயம், சாத்தான்குளத்தில் விடிய விடிய நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் ஒரு பெண் ஏட்டுதான். லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருந்தது என்று அவர் சொன்னபோது சக போலீஸ்காரர்கள் வெளியே நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், கையெழுத்துப் போடவே பயந்தார் என்று அறிக்கையில் இருக்கிறது. ஒரு போலீஸ்காரர் இன்னொரு போலீஸ்காரருக்கு எதிராகச் சாட்சி சொல்வது எவ்வளவு அரிது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் வருந்தியிருக்கிறது. காவலில் இருக்கும்போது காயம் பட்டால் போலீஸ்தான் காரணம் என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கலாம், இல்லை என்று அவர்கள் நிரூபிக்கட்டும் என்று சட்ட ஆணையம் 1985-ல் சொன்ன பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்துப் போட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. ஏற்புறுதி செய்யத் தனிச் சட்டம் வேண்டும் என்றார்கள், 2010-ல் மசோதா மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போய் அப்படியே காலாவதி ஆனது.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2024 ஜூலை 1-ல் வந்தபோது இதையெல்லாம் சரிசெய்ய நல்ல வாய்ப்பு இருந்தது. செய்ததோ இன்னொன்று. முன்பு போலீஸ் காவல் என்றால் கைதான முதல் 15 நாட்களுக்குள் முடிந்துவிடும். இப்போது அந்த 15 நாட்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 அல்லது 60 நாட்களில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சிறைக்குப் போய்விட்டான், இனி அடி இல்லை என்று வீட்டில் மூச்சு விடக்கூட முடியாது.

என்னைக் கேட்டால் முதலில் மூன்றைத்தான் கேட்பேன். புகார் ஆணையத்திலிருந்து எஸ்பியையும் உள்துறைச் செயலாளரையும் எழுப்பிவிட்டு ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வைக்க வேண்டும், இதற்குப் பைசா செலவில்லை, ஒரு சட்டத் திருத்தம் போதும். ரெக்கவரி சதவீதத்தை வைத்து ஸ்டேஷனை எடை போடுவதை நிறுத்த வேண்டும், இதைச் சொன்னால் நகை பறிகொடுத்தவர்கள் என்னைத் திட்டுவார்கள், அவர்கள் கோபம் நியாயம்தான், ஆனாலும் சொல்வேன். மூன்றாவது கேமரா. 2020 டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் வழக்கில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது: வாசல், லாக்கப், வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை என்று ஸ்டேஷனில் ஒரு மூலை விடாமல் கேமரா, இரவிலும் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவு 18 மாதம் இருக்க வேண்டும், பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதிவு கிடைக்க வேண்டும். இனி புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அந்த ஹார்ட் டிஸ்க் ஸ்டேஷனுக்கு வெளியே, போலீஸ் கை எட்டாத இடத்தில் இருந்தால் போதும்.

இதெல்லாம் வரும்போது வரட்டும். அதுவரை, இப்போது சட்டத்தில் இருப்பதையாவது கேட்கலாம். வீட்டில் யாரையாவது "சும்மா விசாரிக்கத்தான்" என்று கூப்பிட்டால் எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-வது பிரிவு என்று சொல்லுங்கள். எந்த ஸ்டேஷன், யார் கூட்டிப்போகிறார், மணி என்ன என்று போனில் குறித்து நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள், காகிதத்தில் நேரம் மாறும்போது அந்த மெசேஜ் பேசும். விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க அதே சட்டத்தின் 38-வது பிரிவு இடம் தருகிறது, வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்தார்களா என்று கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும் என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம் 37-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்க வேண்டும், அதற்கு ஒரு அதிகாரியையும் பொறுப்பாக்க வேண்டும் என்கிறது. அடுத்த முறை சிஎஸ்ஆருக்கோ பாஸ்போர்ட் விசாரணைக்கோ ஸ்டேஷன் பக்கம் போனால் அந்தப் பலகை எங்கே என்று பாருங்கள். இல்லையென்றால், ரைட்டரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.